எந்த மோதகம்?

1. இரண்டும் உண்மை

சார்ஜன்ட் டேவிஸ் தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மோதகம் என்றால் கஞ்சாதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது நான் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. அதுதான் அன்றைய வில்லங்கம்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இந்த வேலைக்கு எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் இரண்டொருவர், “அன்டி, உங்கட அனுபவத்தை எழுதுங்கோ” என்று கரைச்சல் கொடுத்தார்கள். அனுபவம் என்றால் பெரும்பாலும் எலிப்புழுக்கையும் பழுதான குளிர்ப்பெட்டியும்தான். இது மட்டும் வேறு.

கஞ்சா கலந்த இனிப்புகள் கடைத்தெருவுக்கு வரத் தொடங்கியபோது எங்களுக்குள் ஒரு குழப்பம் இருந்தது. கடை கவுன்சிலின் பொறுப்பு. இனிப்புக்குள் இருக்கும் சரக்கு பொலிசின் பொறுப்பு. பெட்டியில் ‘நோய் தீரும்’ என்று எழுதியிருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தாலும் போதை தராத சிபிடி எண்ணெய்க்குத் தனிச் சட்டம். நிபுணர் எழுதித் தந்தால் கஞ்சாவே மருந்து, சட்டைப்பையில் வந்தால் குற்றம். பங்குக் கிணற்றை ஒருவரும் இறைக்கமாட்டார்கள் என்ற கதைதான். “இது எங்கள் வேலையல்ல, அவர்களைக் கேளுங்கள்” என்று ஒரே முறைப்பாடு துறைக்குத் துறை நாலு கந்தோர் சுற்றித் திரும்பவும் என் மேசைக்கே வரும்.

கடைசியில் எல்லாரையும் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். பொலிசிலிருந்து டேவிஸ். மருந்துத் துறையிலிருந்து ஹெலன், மெலிந்த பெண், எப்போதும் கையில் இஞ்சித் தேநீர். கவுன்சிலிலிருந்து என் மேலாளர் பீட்டரும் நானும். நாலாவது துறை ஆஸ்பத்திரி: கஞ்சா இனிப்பு தின்று மயங்கி ஒருவர் அங்கே வந்தால் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தகவல் வரும். முதல் மாதம் முழுக்க, “ஹெலன், நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்” என்று சொல்லியே கழிந்தது. பிறகு உண்மையாகவே நன்றாக வேலை செய்தோம். முறைப்பாடு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கடை வாசலில் நிற்போம்.

அன்றைக்கும் அப்படித்தான் தகவல் வந்தது. செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஓர் இலங்கைத் தமிழ் முதியவர், சிவபாதம் என்று பெயர், சமையலறைத் தரையில் கிடந்திருக்கிறார். மகள் வேலையால் வந்து பார்த்தபோது, இறந்துபோன தன் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தாராம். பாரிசவாதமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா. தெளிந்த பிறகு, “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார்கள். “மோதகம்” என்றாராம். அந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். கொழுக்கட்டை மாதிரி ஒரு இனிப்பு, பிள்ளையாருக்குப் படைப்பது என்று சரியாகத்தான் விளக்கியிருக்கிறார். மகளும், “ராஜி அன்டியின் கடையில் நான்தான் வாங்கி வைத்தேன்” என்று சொல்லிவிட்டாள்.

டேவிஸ் அந்தச் சொல்லை இணையத்தில் தேடியிருக்கிறார். வந்தது பிள்ளையார் மோதகம் அல்ல, மதனமோதகம். இலங்கையில் ஆயுர்வேத மருந்து என்று கறுப்பு உருண்டையாக விற்பார்கள். கஞ்சா சேர்த்தது. கலியாணமான ஆண்களுக்குத் தெம்பு தரும் என்று ஒரு பெயர் அதற்கு உண்டு. பெயரிலேயே மன்மதன் இருக்கிறான், மீதியை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

“இரண்டு மோதகம் இருக்கிறது. ஒன்று சாமிக்கு, மற்றது போதைக்கு” என்றேன்.

“அவர் சாப்பிட்டது எது?”

“தெரியாது.”

“தெரியும்வரைக்கும் அந்தக் கடையில் விற்கவிட முடியுமா?” என்று பீட்டர் கேட்டார்.

முடியாது. அடுத்த ஆள் ஒரு குழந்தையாக இருந்தால்? சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழும்பினேன்.

2. நடைபாதை

ராஜியின் கடை பலகாரக் கடை. ஜேர்மனியில் பதினெட்டு வயதில் போய் இறங்கி, அங்கே ஒரு பேக்கரியில் வேலை பழகி, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேணும் என்று லண்டனுக்கு இடம்பெயர்ந்தவள். கடை சிறியது. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் சமையலறை. அன்றைக்கு வாசலில் பெரிய எழுத்தில் ஒரு மட்டை தொங்கியது: ‘நாளை சதுர்த்தி. மோதகம் கிடைக்கும்.’

டேவிசுக்கு அந்த மட்டையைப் படித்துக் காட்டியவள் நான்தான். வேறு யார் படிப்பது?

“வாங்கோ அக்கா! என்ன, வேலை நேரத்திலயே வந்திட்டியள்?” என்று ராஜி சிரித்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற சீருடையைப் பார்த்தாள்.

டேவிஸ் என் பக்கம் குனிந்து, “உங்களுக்கு இவரைத் தெரியுமா?” என்றார்.

“இவருடைய மோதகத்தை மாதாமாதம் சாப்பிடுகிறேன்.”

கிளம்புமுன்பே சொல்லியிருக்கவேண்டும், அவசரத்தில் தோன்றவில்லை. எங்கள் வேலையில் இதற்கு ஒரே வழிதான். உடனே பீட்டருக்கு அழைத்துச் சொன்னேன். “சரி, நீங்கள் வெளியே நில்லுங்கள், வேறு அதிகாரியை அனுப்புகிறேன்” என்றார். தெரிந்தவரின் கடையை நாம் சோதிக்கக் கூடாது. குற்றமில்லை என்று நான் சொன்னால் பாசத்தில் சொன்னதாகும், குற்றம் என்று சொன்னால் பயத்தில் சொன்னதாகும்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புதிதாக வந்த அதிகாரி தட்டுத் தட்டாக மோதகங்களை அடுக்கி, பொலித்தீன் சுற்றி, ‘அகற்றக் கூடாது’ என்ற நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவித்து இறக்கிய மோதகம். பொலித்தீனுக்குள் வேர்த்தது. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் படமும் எடுத்தார்.

ராஜி கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

“கஞ்சாவோ அக்கா? என்ர கடையிலயோ? நான் பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும்தானே வைக்கிறனான். நீங்கள் திண்டிருக்கிறியள்தானே. உவையளுக்கு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்.”

“என்னால ஏலாது, ராஜி.”

“ஏன் ஏலாது? தமிழ் விளங்குற ஒரே ஆள் நீங்கள்தானே.”

“அதாலதான் ஏலாது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். “சரி அக்கா, குளிருது, உள்ளுக்கு நிண்டால் உங்களுக்குப் பிரச்சினையெண்டால் உந்த பஸ் தரிப்பிடத்திலயாவது நில்லுங்கோ” என்றாள். எனக்கு அழுகை வந்தது. சீருடை போட்டவர்கள் முன்னால் அழக்கூடாது என்று மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

மாதிரிகள் லேபுக்குப் போயின. முடிவு வரச் சில நாள் எடுக்கும், அதுவரை கடையைப் பூட்டினார்கள். ஒரு பலகாரக் கடை படுத்துவிட அது போதாதா? பின்னேரத்துக்கிடையில் வாட்சப் குழுக்களில் படம் சுற்றத் தொடங்கிவிட்டது. ‘ராஜியின் கடையில் கஞ்சா’ என்று கீழே எழுதியும் இருந்தது. எங்கள் சனத்துக்குக் கோயில் திருவிழாச் செய்தி போய்ச்சேர ஒரு கிழமை எடுக்கும். இது பால் பொங்குமுன் பார்க்கிங் என்ற ஊரையும் தாண்டி வால்தம்ஸ்டோவுக்குப் போய்விட்டது.

3. ஒரே ஒரு கேள்வி

அன்று மாலையே குழு கூடியது. “நான் கடைப் பக்கம் போகமாட்டேன். ஆனால் சிவபாதம் ஐயாவை எனக்குத் தெரியாது. அவரிடம் யாராவது தமிழில் திரும்பக் கேட்கவேண்டும்” என்றேன். ஹெலன் உடனே ஆதரித்தார். “எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் அவருடைய இதய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கலாமா என்று டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். எனக்குக் கடை முக்கியமில்லை, அவர் முக்கியம்” என்றார். எல்லாரும் ஒரே விடயத்தைப் பார்த்தாலும் ஒவ்வொருவருக்கும் கவலை வேறு. அதை அன்றைக்குத்தான் நல்ல விடயமாகப் பார்த்தேன்.

டேவிசும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிவபாதம் ஐயா தலையணைகளில் சாய்ந்திருந்தார். நீல நிற ஆஸ்பத்திரிச் சட்டை தோளிலிருந்து வழுகிக்கொண்டிருந்தது. உடம்பில் சதையே இல்லை. பக்கத்தில் மகள் நிரோஜா, கண் வீங்கியிருந்தது.

“அப்பா மோதகம் மட்டும்தான் சாப்பிட்டவர். அம்மா செத்தாப் பிறகு ஒண்டும் சாப்பிடுறேல்ல, அதான் ராஜி அன்டியின்ர கடையில வாங்கி பிரிட்ஜில வச்சனான். அவ இப்பிடிச் செய்வா எண்டு நினைக்கேல்ல” என்றாள்.

ஐயா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலில் எனக்கு விளங்கிவிட்டது. மனிதர் பொய் சொல்லவில்லை. சொல்லின் முதல் பாதியை விழுங்கிவிட்டார். மகளுக்கு முன்னால், அதுவும் மனைவி இறந்து வருடம் திரும்பாத வீட்டில், ‘மதன’ என்று எந்தத் தகப்பன் வாய் திறப்பான்?

எனக்கும் சங்கடம்தான். நானும் ஒரு பெண். என்னிடமும் அவர் சொல்லமாட்டார்.

“நிரோஜா, கீழ போய் எங்கள் மூண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறியளோ?” என்றேன். அவள் போனாள். டேவிஸ் கேட்காமலே தன் கனமான பாதுகாப்பு அங்கியைக் கழற்றிக் கதிரையின் பின்னால் போட்டுவிட்டுத் தாழ்ந்து உட்கார்ந்தார். அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் எப்போது உட்காரவேண்டும் என்று தெரியும்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன். “ஐயா, நான் கவுன்சில் ஆள். இவர் பொலிஸ். நீங்கள் சொல்லுறதை நான் இவருக்கு ஒளிக்க ஏலாது. விருப்பமில்லாட்டிச் சொல்லாதையுங்கோ. ஆனால் உங்களால ஒரு கடை பூட்டிக் கிடக்குது. அதையும் நான் சொல்லத்தான் வேணும்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “பூட்டியோ? எந்தக் கடை?”

“ராஜியின்ர கடை.”

“அந்தப் பிள்ளையின்ர கடையோ? ஏன்?”

ஒருவரும் அவருக்குச் சொல்லவேயில்லை. அவரிடம் மறைக்க நினைத்ததால் அல்ல. சொல்லவேண்டும் என்று எங்கள் நாலு துறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஐயா, ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் சாப்பிட்ட மோதகம் வெள்ளையோ, கறுப்போ?”

வழுகிய சட்டையைத் தோளுக்கு இழுத்துவிட்டார்.

“கறுப்பு” என்றார்.

அவ்வளவுதான். பெயரை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. டேவிசுக்குத் திரும்பி, “அது ராஜியின் மோதகம் அல்ல” என்றேன்.

4. “டொக்டர் தந்தால் மருந்தோ?”

பிறகு கதவு திறந்ததுபோல் கதைத்தார். கொழும்பிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. பசியெடுக்கும், நித்திரை வரும் என்றாராம். “மனுசி போனாப் பிறகு சோறு இறங்குதில்லை, தங்கச்சி. படுத்தால் கட்டிலின்ர மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கு. ஒரு துண்டு திண்டன், ஒண்டும் செய்யேல்ல. இன்னும் கொஞ்சம் திண்டன். பிறகு பார்த்தால் அவ அடுப்படியில நிண்டா. எனக்குப் பயமே வரேல்ல. சந்தோசமாத்தான் இருந்தது.”

நான் மொழிபெயர்த்தேன். டேவிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைப் பிடிப்பினமோ?” என்று ஐயா கேட்டார். “இஞ்ச டொக்டர்மாரே கஞ்சா எழுதிக் குடுக்கினமாம். டொக்டர் தந்தால் மருந்து, நான் திண்டால் குற்றமோ?”

நியாயமான கேள்வி. பெரிய கூட்டங்களில் இதைத்தான் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு கேட்போம். டேவிஸ் ஹெலனுக்குத் தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். ஹெலன் சொன்னதை நான் எங்கள் தமிழில் சொன்னேன்: “டொக்டர் தாறதில எவ்வளவு இருக்கெண்டு டொக்டருக்குத் தெரியும். உங்கட இதயக் குளிசையோட சேருமோ எண்டும் பார்த்துத்தான் தருவார். உந்தக் கறுப்பு உருண்டைக்குள்ள எவ்வளவு இருக்கெண்டு செய்தவனுக்கே தெரியாது, ஐயா. இன்னொரு துண்டு திண்டிருந்தால் இதயம் தாங்கியிராது.”

டேவிஸ் தன் மேலதிகாரியோடு வெளியே போய்க் கதைத்துவிட்டு வந்தார். மிச்சத்தை ஒப்படைத்தால் எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார். அது சட்டைப்பெட்டியில் காலுறைகளுக்குள் இருக்கிறது என்றார் ஐயா. “கொண்டுவந்தவரை விசாரிப்பேன், அதை நான் விடமுடியாது” என்றும் டேவிஸ் சொன்னார். ஐயா தலையாட்டினார்.

“அப்பாவும் மகளும் கதையுங்கோ” என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு எழும்பினேன். நிரோஜா தேநீரோடு வந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் நானல்ல.

5. வெள்ளை

மறுநாள் காலை, லேப் முடிவுக்குக் காத்திராமல், ஐயா சொன்னதை வைத்தே ராஜியின் கடைத் தடையை நீக்கினார்கள். வேறு அதிகாரி போய் நாடாவைக் கிழித்தார். பொலித்தீனுக்குள் கிடந்த மோதகம் எல்லாம் புளித்துப்போயிருந்தது. ராஜி குப்பையில் கொட்டிவிட்டு, திரும்ப மா குழைத்து, திரும்ப அவித்தாளாம். கவுன்சில் கடிதம் கொடுத்தது. ‘மேலதிக நடவடிக்கை இல்லை’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கண்ணாடியில் ஒட்டினால் எங்கள் சனம் என்ன சொல்லும்? நடவடிக்கை எடுக்கிற அளவுக்கு ஏதோ இருந்திருக்கு என்றுதான் சொல்லும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகைந்தது கொழுக்கட்டைப் பானை என்றாலும் கேட்கமாட்டார்கள்.

யார் என்ன சாப்பிட்டார் என்பதை நாங்கள் சொல்ல முடியாது. அது நோயாளியின் அந்தரங்கம். குழுக் கூட்டத்தில் பீட்டர், டேவிஸ், ஹெலன், நான் எல்லாரும் மாறிமாறி யோசித்தோம். நாலு துறை சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடையைப் பூட்ட முடிந்தது. அதன் பெயரைத் திருப்பிக் கொடுக்க நாலு துறையாலும் முடியவில்லை. எனக்கு அன்றைக்கு என் வேலையே பிடிக்காமல் போனது.

அந்தச் சதுர்த்திக்கு வாங்கப் போகவில்லை. போகத் துணிவு வரவில்லை என்பதே சரி. அடுத்த சதுர்த்திக்குப் போனேன். கோப்பு மூடியிருந்தது, நான் வெறும் வாடிக்கைக்காரி. வழக்கமாக வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும். அன்றைக்குக் கடைக்குள்ளேயே நாலைந்து பேர்தான். அவர்களும் வடையும் மிக்சரும் வாங்கினார்கள். மோதகத் தட்டு தொடப்படாமல் இருந்தது. ராஜி என்னைக் கண்டு, “வாங்கோ அக்கா” என்றாள். சிரிப்பு இருந்தது, பழைய சிரிப்பில்லை.

அப்போது கதவு மணி அடித்தது. நிரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிவபாதம் ஐயா உள்ளே வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டும் காணாதவர் மாதிரி நேரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“பிள்ளை, எனக்கு மோதகம் தா.”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எத்தினை ஐயா?” என்று ராஜி கேட்டாள்.

“இருக்கிறது எல்லாத்தையும் தா. இதில நிக்கிற ஆக்களுக்கும் குடு.” பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார். “அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன கிழவன் நான்தான். இந்தப் பிள்ளையின்ர மோதகத்தை நான் தொடவே இல்லை. நான் திண்டது மதனமோதகம்.”

ஒருவர் ‘களுக்’ என்று சிரித்துவிட்டார்.

“சிரியுங்கோ. சிரிக்கிற பேர்தான் அதுக்கு. ஆனால் உந்தப் பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் ஒரு கதை கதைக்கப்படாது. வாட்சப்பில போடுறதெண்டால் என்ர படத்தை எடுத்துப் போடுங்கோ. இந்தா நிக்கிறன்.”

ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நிரோஜாவைப் பார்த்தேன். ஏதோ மருந்து என்பதுவரைதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார் போலும். பெயரை அவள் அங்கேதான் முதல்தடவை கேட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. வெட்கப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா,” என்றாள், “பசிக்கேல்ல எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?”

ராஜி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தட்டிலிருந்து ஒரு மோதகத்தை எடுத்து, உள்ளே இருக்கும் பயறு தெரிய இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை ஐயாவின் கையில் வைத்தாள்.

“வெள்ளை, ஐயா,” என்றாள். “சூடாயிருக்கு, சாப்பிடுங்கோ.”

அவர் நின்றபடியே சாப்பிட்டார். கையிலிருந்த பாதி முழுவதையும் சாப்பிட்டார். மற்றப் பாதியை அவள் எனக்குத் தந்தாள்.

ராஜிக்கு அந்த வெள்ளை, கறுப்புக் கேள்வி தெரிந்தது எப்படி என்று கேட்பீர்கள். நான் சொல்லவில்லை. பிறகு விசாரித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே ஐயா அவள் வீட்டுக்குப் போய், நான் கேட்ட கேள்வியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் மன்னித்துவிட்டு, வெளியில் ஒருவருக்கும் சொல்லாமல் கடை காய்வதைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “வயசு போன மனுசன் அக்கா, சனம் பகிடி பண்ணிப்போடும் எண்டு விட்டிட்டன்” என்றாள். அந்தரங்கம் காக்க எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். மற்றத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. சேர்ந்து ஓடும்போது பிழையும் நாலு மடங்கு வேகத்தில் ஓடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெயரைக் கேட்டதும் நின்றுவிடாதீர்கள், நிறத்தையும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் மகளைத் தேத்தண்ணி வாங்க அனுப்புங்கள்.